யார் பொருள், யார் பள்ளி?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கிய விழாவில் பள்ளிக்கூடத்தின் வரவு செலவைப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதற்கு இந்த வட்டாரத்துக் கல்வெட்டுகளே சான்று. விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், கோயிலோடு இணைந்த கல்லூரி ஒன்று நடைபெற்றது. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அதன் கல்வெட்டு ஒரு கணக்கேடு போலவே அமைந்துள்ளது. 340 மாணவர்; அவர்களில் 270 பேர் இளநிலையினர், 70 பேர் மேல்நிலையினர். கற்பிக்க 14 ஆசிரியர். இளநிலை மாணவர் ஒருவருக்கு நாள்தோறும் 6 நாழி நெல். இவை யாவற்றுக்கும் ஈடாக 45 வேலி நிலம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் வழியிலுள்ள திருபுவனையிலும் இத்தகைய கல்லூரி இருந்தது. முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048ஆம் ஆண்டளவில், அங்கே 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்தனர். அதற்கென விடப்பட்ட நிலம் 72 வேலி. ஆண்டு வருவாய் 12,000 கலம் நெல்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உண்டியும் உறையுளும் தந்து கல்வி புகட்டிய நாடு என்று மேடைதோறும் பெருமை பேசப்படுகிறது. அப்பெருமை பொய்யன்று. ஆயினும் கல்வெட்டைப் படிப்போர் இரண்டு வினாக்களை எழுப்பியாக வேண்டும். நெல் யாருடைய உழைப்பால் விளைந்தது? அந்நெல்லை உண்டு கற்றவர் யார்? பாடங்கள் வேதமும் வடமொழி இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும். மாணவர் அவற்றை ஓதற்குரியவர் எனக் கருதப்பட்ட ஒரு வகுப்பினர். அந்த 45 வேலியில் ஏர் பிடித்தவன் மகனுக்கும், நாற்று நட்டவள் மகளுக்கும் அங்கே இடமில்லை. ஊரார் அனைவரும் விளைத்த நெல் ஒரு சிலரின் கல்விக்குச் சென்றது.

கற்றவன் கீழ்க்குலத்தவன் எனப்பட்டவனேயாயினும் மேற்குலத்தவனும் அவனை வழிபட்டு நிற்பான் என்னும் கருத்தை, ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் புறநானூற்றில் (183) அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே பாடிவிட்டான். பாட்டில் திறந்த கதவு பள்ளியில் திறக்கவில்லை. பாட்டுக்கும் பள்ளிக்கும் இடையே கிடக்கும் இந்தத் தொலைவே இவ்வுரையின் பொருள். ஒரு சமுதாயம் கல்வியைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை அதன் பாடல்களில் காணலாம். என்ன செய்கிறது என்பதைப் பள்ளியின் வரவு செலவில்தான் காண முடியும்.

திண்ணையும் மானியமும்

சோழர்காலத்துக்குப் பின் நெடுங்காலம் கல்வியின் சுமையைப் பெற்றோரே தாங்கினர். திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு நெல்லும் காசும் தந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுத்த கணக்கின் முடிவுகள் 1826இல் தொகுக்கப்பெற்றன. மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர் என்பது அக்கணக்கு. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற விகிதம் வியப்பளிப்பது; சூத்திரர் எனக் குறிக்கப்பட்ட வகுப்பினர் பெருந்தொகையினராக அப்பள்ளிகளில் இருந்ததும் குறிப்பிடத்தக்கது. அதே கணக்கில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. சேரிப் பிள்ளைக்கோ திண்ணை எட்டாத உயரம்.

மாவட்டத்துக்கு இரண்டு, தாசில்தாரிக்கு ஒன்று என அரசுச் செலவில் பள்ளிகள் வைக்கவேண்டும் என்று மன்றோ பரிந்துரைத்தார். 1827இல் அவர் மறைந்தார். திட்டமும் நெடுநாள் வாழவில்லை. 1854ஆம் ஆண்டு உட் அறிக்கையே நிலையான வழியொன்றை வகுத்தது. தனியார் பள்ளி நடத்தட்டும், அரசு அதற்கு மானியம் தரட்டும் என்பது அவ்வழி. இன்று அரசு உதவி பெறும் பள்ளி என வழங்கும் அமைப்பின் வேர் அதுவே. கிறித்துவ சமயப் பணியாளரும், சைவ வைணவ அன்பர்களும், இசுலாமியப் பெரியோரும், ஊர்ச் செல்வரும் அந்த மானியத்தைத் துணையாகக் கொண்டு பள்ளிகளை எழுப்பினர். தமிழகத்தின் பழம்பெரும் பள்ளிகளில் பல இவ்வாறு தோன்றியவை.

எனினும் மானியம் சென்ற பள்ளிக்குள் எல்லாப் பிள்ளைகளும் செல்ல முடியவில்லை. பொதுப் பணத்தில் நடந்த பள்ளி அக்கிரகாரத்திலோ கோயிலுக்குரிய இடத்திலோ இருந்தால் தாழ்த்தப்பட்ட பிள்ளை வாயிலிலேயே நிறுத்தப்பட்டது. கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியதும், 1920களில் அரசின் தொழிலாளர் துறை தனிப்பள்ளிகளை நிறுவியதும் இக்காரணத்தாலேயாம். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் தனியொரு துறையின் கீழ் இருப்பது அவ்வரலாற்றின் தொடர்ச்சி. தனிப்பள்ளி அன்று ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவின் தேவை எதனால் வந்தது என்பதை மறந்துவிடலாகாது.

ஊர் கொடுத்த காலம்

விடுதலைக்குப் பின்னர்த் தமிழகத்துக் கல்வி வரலாற்றில் ஓர் எழுச்சிக் காலம் வந்தது. 1954இல் முதலமைச்சரான காமராசர், அரைநாள் பள்ளி அரைநாள் குலத்தொழில் என்ற திட்டத்தைக் கைவிட்டார். மூடப்பட்ட பள்ளிகளைத் திறந்தார். 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். 1920இலேயே சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் காலத்தில் நடந்த சிறு முயற்சி, இப்போது மாநிலம் தழுவியதாயிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2022இல் மதுரையில் காலை உணவும் தொடங்கி, 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், பின்னர் உதவி பெறும் பள்ளிகளுக்கும் பரவியது. சோற்றைக் காட்டிப் பிள்ளை பிடிப்பதா என ஏளனம் செய்தோர் எக்காலத்தும் உண்டு. எண்ணாயிரத்து மாணவருக்கு 6 நாழி நெல் அளந்தபோது எவரும் ஏளனம் செய்ததாகக் கல்வெட்டு கூறவில்லை.

அக்காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இன்றைய தலைமுறை மறந்துவிட்ட ஒரு பேரியக்கம். 1958 முதல் ஊர் ஊராக அம்மாநாடுகள் நடைபெற்றன. பள்ளிக்கு எது தேவை என்று ஆசிரியரும் ஊராரும் கூடிப் பட்டியலிட்டனர். ஒருவர் நிலம் தந்தார். ஒருவர் மணி தந்தார். ஒருவர் நாற்காலி தந்தார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை தந்தவர் உண்டு. தம் கை உழைப்பைத் தந்தவரும் உண்டு.

கல்விக்குக் கொடுக்கப்படும் பொருள் இருவகைப்படும். பள்ளிக்கென்று கொடுப்பது ஒன்று. தன் பிள்ளைக்கென்று கொடுப்பது மற்றொன்று. பள்ளிக்கென்று மணி வாங்கித் தந்தவர், அம்மணி எல்லாப் பிள்ளைக்கும் ஒலிக்கும் என்பதை அறிந்தே தந்தார். தன் பிள்ளைக்கென்று கட்டணம் செலுத்துபவர், அந்தப் பொருளுக்கு ஈடான பயன் தன் பிள்ளைக்கு வந்ததா என்று மட்டுமே கேட்பார். அவ்வாறு கேட்பது குற்றமன்று; பெற்ற மனத்தின் இயல்பு. முன்னது பெருகிய காலத்தில் ஊருக்கு ஒரு பள்ளி எழுந்தது. பின்னது பெருகிய காலத்தில் பள்ளி கடைத்தெருவுக்கு வந்தது.

இரும்பையில் ஓர் உவமை

திண்டிவனம் புதுச்சேரி நெடுஞ்சாலைக்கு அருகே, வானூர் வட்டத்தில் உள்ளது இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலங்களுள் ஒன்றான இரும்பை மாகாளம் அதுவே. கடுவெளிச் சித்தரின் கதையோடு பின்னிப் பிணைந்த ஊர். திருவிழாவில் ஆடிய நடனமாதின் காற்சிலம்பு கழன்று விழ, அவள் ஆட்டம் தடைபடாதிருக்கச் சித்தர் தம் கையாலேயே அதனை எடுத்து அணிவித்தார். அரசனும் கூட்டமும் அவரை எள்ளி நகைத்தனர். சித்தர் வெகுண்டு பாட, கருவறை இலிங்கம் மூன்றாக வெடித்தது. நாடு வறண்டது என்று தலவரலாறு கூறும். பின்னர் அரசன் வருந்திப் பணிய, துண்டுகள் செப்புத் தகட்டால் ஒன்றாகப் பிணைக்கப்பெற்றன. இன்றும் அந்தத் தகட்டோடுதான் வழிபாடு நிகழ்கிறது.

தமிழகத்துப் பள்ளியும் இன்று மூன்றாகப் பிளந்தே நிற்கிறது: அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, சுயநிதிப் பள்ளி.

இப்பிளவு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1970களிலும் 80களிலும் ஆங்கிலவழி மெட்ரிகுலேசன் பள்ளிகள் நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்குப் பரவின. 1991-92ஆம் கல்வியாண்டு முதல் தொடங்கப்பெற்ற தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்பது அரசின் கொள்கையாயிற்று. பின்னர் அது சட்டமாகவும் ஆயிற்று. உட் அறிக்கை திறந்த வாயில் அவ்வாறு அடைபட்டது. அதன்பின் தொண்டுள்ளத்தோடு பள்ளி தொடங்க விரும்பியவருக்கும், வணிக நோக்கோடு தொடங்கியவருக்கும் ஒரே வழிதான் எஞ்சியது: பெற்றோரிடம் வாங்குவது. கொடுக்க இயன்றவர் மேன்மேலும் நல்ல கட்டடம் தேடிச் சென்றனர். கொடுக்க இயலாதவர் அரசுப் பள்ளியில் நின்றனர். இரண்டுக்கும் நடுவே இருந்தவர் கடன் வாங்கினர். தாலிக்கொடி அடகுக்கடைக்குச் செல்லும் மாதமாக ஜூன் மாறியது.

நடுத்துண்டாகிய உதவி பெறும் பள்ளியின் நிலையையும் மறப்பதற்கில்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் தீயில் கருகி இறந்த குழந்தைகள் 94 பேர். அக்கட்டடத்தில் உதவி பெறும் பள்ளியோடு வேறு பள்ளிகளும் சேர்ந்து இயங்கின. மேலே கூரை கீற்றால் வேயப்பட்டிருந்தது. நெருக்கடியான கட்டடத்துக்கு ஏற்பளித்தவர் யார், கண்காணிக்கத் தவறியவர் யார் என்று பின்னர் விசாரணை நடந்தது. பள்ளி யாருடையது என்ற கேள்விக்கு விடையில்லாத இடத்தில் பிள்ளையின் உயிருக்குப் பொறுப்பேற்பாரும் இல்லை என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

தகட்டால் இணைந்தது

பிளவைப் பிணைக்க முயற்சியே நடக்கவில்லை என்று கூறுதல் நன்றிகொன்றதாகும். முனைவர் ச. முத்துக்குமரன் தலைமையிலான குழு 2007இல் அளித்த அறிக்கையின் வழியே சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகக் கிடந்த பாடத்திட்டங்கள் ஒன்றாயின. 2011இல் ஆட்சி மாறியபோது அது நிறுத்தப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் தீர்ப்புக்குப் பின்னரே பிள்ளைகளின் கைக்குப் புத்தகம் வந்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தனியார் பள்ளிக் கட்டணத்தை வரையறுக்க நீதியரசர் கோவிந்தராசன் தலைமையிலும், அவருக்குப் பின் நீதியரசர் இரவிராச பாண்டியன் தலைமையிலும் குழுக்கள் பணியாற்றின. 2020ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தது. முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே நுழைந்த இடத்தில், முதலாண்டிலேயே மருத்துவமும் பல் மருத்துவமும் சேர்த்து ஏறத்தாழ 400 பேர் நுழைந்தனர். உழவர் வீட்டுப் பிள்ளையும், செங்கல் சூளையில் வேலை செய்பவர் பிள்ளையும் கழுத்தில் இதயமானி அணிந்து ஊர் திரும்பினர். 2022 முதல் அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் வந்தது.

இவை யாவும் நல்லனவே. எனினும் செப்புத் தகடு துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்குமேயன்றி ஒன்றாக்காது. புத்தகம் ஒன்றாயிற்று, வகுப்பறை ஒன்றாகவில்லை. ஒரே பாடத்தைக் குளிரூட்டிய அறையில் ஒரு பிள்ளையும், ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் மற்றொரு பிள்ளையும் படிக்கின்றனர். மேலும், புத்தகம் பொதுவானவுடன் பல தனியார் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிக்கொண்டன. தகட்டை இறுக்கியபோது ஒரு துண்டு நழுவிற்று.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீடு தனியே எண்ணத்தக்கது. சுயநிதிப் பள்ளியின் தொடக்க வகுப்பில் நான்கில் ஓரிடம் நலிந்த பிரிவுப் பிள்ளைக்கு. அதன் செலவை, அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவின் அளவுக்குள், ஈடுசெய்யும். குலுக்கலில் பெயர் வந்த தாயின் மகிழ்ச்சியைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அந்தக் குலுக்கல் ஒரு செய்தியை ஊருக்குச் சொல்கிறது: அரசே பணம் கட்டிப் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்புகிறது என்றால், அரசின் பள்ளி தாழ்ந்ததுதானே? ஏழைக்குக் கிடைத்தது உரிமையா, நல்லூழா? உரிமை எனின் குலுக்கல் எதற்கு? அந்தப் பணமும் உறுதியானதன்று. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழகத்துக்கு வரவேண்டிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாய், மத்திய மாநில அரசுகளின் கொள்கைப் பூசலில் நின்றுபோயிற்று. 2025 மே மாதத்தில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. அவ்வாண்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கை ஜூனில் தொடங்காமல், நிதி ஓரளவு வந்த பின்னர் அக்டோபரில்தான் தொடங்கிற்று. சட்டம் எழுதியவர் எவரும் தம் பிள்ளையைக் காலாண்டுத் தேர்வு முடியும்வரை வீட்டில் வைத்திருக்கவில்லை.

குரல் வெளியேறிய பள்ளி

அரசுப் பள்ளிக்குக் குறை பணம் மட்டுமா என்று கேட்பின், அன்று என்பதே விடை. தமிழகத்தில் ஏறத்தாழ 37,000 அரசுப் பள்ளிகள் உள்ளன. அவற்றின் ஆசிரியர் முறையான கல்வித்தகுதியும் பயிற்சியும் பெற்றவர். எத்தனையோ சுயநிதிப் பள்ளிகளில் அவர் ஊதியத்தில் சிறுபங்கே பெறும் இளம்பெண்கள் காலை முதல் மாலைவரை நின்றபடியே பாடம் நடத்துகின்றனர். எனினும் மக்கள் ஏன் அங்கே செல்கின்றனர்?

ஊரில் பேசத் தெரிந்தவர், மனு எழுதத் தெரிந்தவர், அலுவலகப் படி ஏறத் தெரிந்தவர் ஆகியோரின் பிள்ளைகள் அரசுப் பள்ளியை விட்டு வெளியேறினர். பிள்ளையோடு பெற்றோரின் குரலும் வெளியேறிற்று. குழாயில் நீர் வரவில்லையெனில் கேட்பாரில்லை. கழிப்பறைக் கதவு உடைந்தால் கேட்பாரில்லை. கணித ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால் கேட்பாரில்லை. எஞ்சிய பெற்றோர் விடியுமுன் வேலைக்குச் சென்று பொழுது சாய்ந்து திரும்புவோர். அவர் கேட்கமாட்டார் என்பதல்ல. கேட்டால் ஒரு நாள் கூலி போகும். கேட்பாரில்லாத பள்ளி தளர்கிறது. தளர்வதைக் கண்டு மேலும் சிலர் வெளியேறுகின்றனர். நிதி ஒதுக்கீட்டால் மட்டும் இந்தச் சுழலை நிறுத்த முடியாது.

1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் குழு இதனை அன்றே உணர்ந்திருந்தது. நாட்டு வருவாயில் 6 விழுக்காடு கல்விக்கு வேண்டும் என்று அக்குழு கூறியதைப் பலரும் நினைவில் வைத்துள்ளனர். அதே குழு, அந்தந்தப் பகுதிப் பிள்ளைகள் அனைவரும், செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி, அண்மைப் பள்ளியிலேயே படிக்கவேண்டும் என்ற பொதுப்பள்ளி முறையையும் வற்புறுத்தியது. முதற்பரிந்துரை இன்றளவும் எட்டப்படவில்லை. இரண்டாம் பரிந்துரையைப் பேசுவாரும் அருகிவிட்டனர். பணத்தைக் காட்டிலும் கடினமானது பக்கத்தில் உட்காருதல்.

இவ்வட்டாரத்துக்கு இக்கேள்வி உயிர்க்கேள்வி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அன்றைய பிரிபடாத விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 71.88 விழுக்காடு, மாநிலத்தின் எழுத்தறிவு 80.09. மக்கள்தொகையில் தாழ்த்தப்பட்டோர் மாவட்டத்தில் 29 விழுக்காட்டுக்கு மேல்; மாநிலத்தில் 20. இருளர் குடியிருப்புகளின் நிலை இந்தச் சராசரிகளுக்குள் தெரியாது. சாதிச் சான்று கிடைக்காமையாலேயே அரசின் உதவித்தொகை எட்டாமல் போன இருளர் பிள்ளைகள் பலர். ஒதுக்கப்பட்ட பணம் கருவூலத்தில் இருக்கிறது. அதனைப் பெறவேண்டிய பிள்ளை ஒரு தாளுக்காக வாயிலில் நிற்கிறது.

இரும்பையைச் சுற்றிய சிற்றூர்களில் இன்னொரு வழியும் உண்டு. 1968இல் தோன்றிய ஆரோவில்லோடு தொடர்புடைய பள்ளிகள் இடையன்சாவடியிலும் ஆலங்குப்பத்திலும் பிறவிடங்களிலும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்வி தருகின்றன. ஆக ஒரே தெருவின் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கும், உதவி பெறும் பள்ளிக்கும், வேன் ஏறி ஆங்கிலப் பள்ளிக்கும், அறக்கொடைப் பள்ளிக்கும் எனப் பிரிந்து செல்கின்றனர். மாலையில் ஒரே தெருவில் விளையாடினாலும் அவர்கள் வளரும் உலகங்கள் வேறு.

பாவலர் வீட்டுப் பிள்ளை

இனி இவ்வட்டத்தினர்க்குச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. தமிழ் வாழ்க என்று எழுதும் கைகள் தம் பிள்ளைகளை எங்கே சேர்க்கின்றன? தமிழாசிரியர் வீட்டுப் பிள்ளைக்கே தமிழ்ப் புத்தகம் படிக்க வராத நிலையைத் தமிழகம் முழுதும் காணலாம். 2013-14 அளவில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியதும், 2019இல் அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் சோதனையாகத் தொடங்கப்பெற்றதும் பெற்றோரின் இழுப்பைத் தாங்கமாட்டாமல் அரசு எடுத்த முடிவுகளே. தமிழ்வழியில் இன்று படிப்பவர் பெரும்பாலும் வேறுவழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். நாளைய தமிழ்க் கவிதையைப் படிக்கப்போகும் வாசகரும், எழுதப்போகும் பாவலரும் பெரும்பாலும் அந்த வகுப்பறையிலிருந்துதான் வரவேண்டும். அரசுப் பள்ளியின் தளர்ச்சி ஏழையின் துன்பம் மட்டுமன்று. இலக்கியத்தின் வேரில் விழும் வெட்டும் ஆகும்.

மாறாக நின்றோரும் இவ்வட்டாரத்தில் உண்டு. திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராயிருந்த பிரபா கல்விமணி, கட்டணக் கல்வி ஓங்கிய காலத்திலேயே அவ்வூரில் தாய்த்தமிழ்ப் பள்ளியை நண்பர்களோடு உருவாக்கினார். தமிழ்வழியில், எளியோர் பிள்ளைகளுக்கென, நன்கொடையை நம்பி நடந்த பள்ளி அது. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழி இருளர் பிள்ளைகளின் சான்றுக்காகவும் அவர் அலுவலகப் படிகளில் ஏறினார். 1993இல் அம்பத்தூரில் தொடங்கித் தமிழகத்தின் பல ஊர்களில் முளைத்த தாய்த்தமிழ்ப் பள்ளிகளுக்கு அரசு மானியத்தின் வாயில் முன்பே அடைபட்டிருந்தது. தமிழுக்கு அரியணை உண்டு, தமிழ்ப் பள்ளிக்கு மானியம் இல்லை என்ற முரண்பாட்டை அவை ஆண்டுதோறும் நன்கொடைச் சீட்டு எழுதியே கடந்தன.

இத்தகைய பள்ளியை எல்லாரும் தொடங்க முடியாது. தொடங்கவும் வேண்டியதில்லை. ஊர்ப் பள்ளி ஏற்கெனவே இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கப்பெற்ற 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழி எவரும் அரசுப் பள்ளிக்குப் பொருளுதவி செய்யலாம். சுந்தரவடிவேலு காலத்து மாநாடுகளின் புதிய வடிவம் எனலாம். அறக்கொடை அரசின் கடமைக்கு மாற்றன்று என்பதையும் உடன் கூறவேண்டும். கட்டடமும் ஆசிரியரும் அரசின் கடன். ஊரின் கடன் வேறு: கேட்பது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு; உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; பாதிப்பேர் பெண்கள். கையெழுத்து வாங்கி முடித்துவிடும் கூட்டமாக அது பலவிடங்களில் குறுகிவிடுகிறது. அப்பெற்றோரின் குறையை மனுவாக எழுதித் தரவும், அதிகாரியிடம் உடன் சென்று நிற்கவும், நூலக அலமாரியின் பூட்டைத் திறக்கச் செய்யவும், வாரத்தில் ஒரு மாலை கதையும் பாட்டும் சொல்லித் தரவும் இலக்கிய வட்டத்தாரைவிடப் பொருத்தமானவர் யார்? எழுதவும் பேசவும் தெரிந்த குரல் வெளியேறியதால் தளர்ந்த பள்ளிக்கு, எழுதவும் பேசவும் தெரிந்தவர் திரும்பச் செல்வதே முதல் மருந்து.

சித்தரின் வெகுளியால் வறண்டது என்று கதை கூறும் அதே செம்மண் மேட்டில், கடந்த அரை நூற்றாண்டில் மக்கள் மரம் நட்டு, வரப்பு உயர்த்தி, மழைநீரைத் தேக்கிக் காடு வளர்த்துள்ளனர். பொட்டல் காடானது ஆணையால் அன்று. நட்ட கன்றுக்கு மறுநாளும் நீர் ஊற்றியதால்.

பத்தாண்டு என்பது பள்ளியின் கணக்கில் பொருளுடைய கால அளவு. இவ்வட்டம் தோன்றிய ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எட்டியிருக்கும். அந்தப் பத்தாண்டில் இவ்வட்டம் எத்தனை கவியரங்கம் நடத்தியது, எத்தனை நூல் வெளியிட்டது என்பது இம்மலரில் பதிவாகிறது. அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று என்பது எந்த மலரிலும் பதிவாகவில்லை. வரும் ஜூனில் இன்னொரு பிள்ளை ஊர்ப் பள்ளியின் முதல் வகுப்பில் சேரும். இருபதாம் ஆண்டு மலர் அச்சாகும்போது அதுவும் பத்தாம் வகுப்பில் இருக்கவேண்டும். இடையில் நின்றுவிடாமல், இம்மலரைத் தானே எடுத்துப் படிக்கும் தமிழோடு இருக்கவேண்டும். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு பள்ளி என்று எடுத்துக்கொண்டால் போதும். அந்தப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலே அடுத்த மலரின் முதற்பக்கமாக அமைக.